பந்தியில் உட்காருமுன் ஒரு கேள்வி

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரச் சபைகளின் கிறிஸ்துமஸ் ஆயத்தக் கூட்டத்தில் நமது மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை



காலையிலிருந்து பாடகர் குழு, ஆலய அலங்காரம், கீத பவனி செல்லும் தெருக்கள் எல்லாவற்றையும் விவரமாகப் பேசி முடித்தீர்கள். விருந்துக்கு வந்தபோது மட்டும், "சாப்பாடு எப்போதும்போல நடக்கும்" என்று ஒரே வரியில் நிறைவேற்றிவிட்டீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றிப் பேசத்தான் நாங்கள் உங்களிடம் அரைமணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறோம்.

எப்போதும்போல என்கிறோமே, நம் பந்தி எப்போதும்போல இருக்கிறதா? முன்பெல்லாம் ஒரு கிராமத்துச் சபையில் சமைப்பவரும் உண்பவரும் ஒருவரையொருவர் பிறந்த நாள் முதலாக அறிவார்கள். மேலத்தெரு அண்ணிக்கு இறால் சேராது, உபதேசியார் மகனுக்கு முட்டை ஆகாது என்பது அடுப்படியில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இன்றைக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், தேர்வாய் கண்டிகையிலும், காக்களூர் தொழிற்பேட்டையிலும் வேலை செய்கிற ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், மேற்கு வங்காளத்துப் பிள்ளைகள் நம் ஆராதனைக்கு வருகிறார்கள். கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. பழவேற்காட்டிலிருந்து உறவினர் வருகிறார்கள். நம் அழைப்பை ஏற்று அக்கம்பக்கத்து இந்து, இஸ்லாமியக் குடும்பங்களும் வருகின்றன. சமைப்பவரோ வெளியூரிலிருந்து அண்டாவோடு வந்து இறங்குகிற பிரியாணி மாஸ்டர். உண்பவர் யார் என்று அவருக்குத் தெரியாது. அண்டாவில் என்ன விழுந்தது என்று உண்பவருக்குத் தெரியாது. இடையிலே நிற்கிற நமக்காவது தெரிய வேண்டாமா?

நாங்கள் வைத்தியர் அல்ல. ஜெபிக்கவும் ஆறுதல் சொல்லவும் மருத்துவமனையில் இருக்கிறவர்கள். ஆனாலும் அவசர சிகிச்சை அறையின் வாசலில் பல ஆண்டுகள் நின்றதில் சில காரியங்களைக் கண்டிருக்கிறோம். மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டிருக்கிறோம்.

ஒவ்வாமை என்பது பிடிக்காமை அல்ல, அஜீரணமும் அல்ல. பால் குடித்தால் சிலருக்கு வயிறு உப்புகிறது, பேதியாகிறது. அது பெரும்பாலும் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாததால் வருகிற சங்கடம், உயிருக்கு ஆபத்தில்லை. ஒவ்வாமையோ வேறு. ஒரு நல்ல ஆகாரத்தின் புரதத்தைச் சரீரம் பகைவன் என்று தப்பாக எண்ணிக்கொண்டு அதன்மேல் யுத்தத்துக்குப் போகிறது. சாப்பிட்ட சில நிமிஷங்களிலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்ளோ உதடு தடிக்கும், உடம்பெல்லாம் அரிப்போடு தடிப்பு எழும்பும், வாந்தி வரும். சிலருக்கு அதோடு நின்றுவிடும். வேறு சிலருக்குத் தொண்டை அடைத்து, மூச்சு இழுத்து, இரத்த அழுத்தம் விழுந்துவிடும். கொஞ்சமாகச் சாப்பிட்டால் கொஞ்சமாகத்தான் வரும் என்ற கணக்கும் இதிலே செல்லாது. போன முறை தடிப்போடு போனது என்பது இந்த முறைக்கு உத்தரவாதம் அல்ல.

நம் பக்கத்தில் இப்படித் தடிப்பு எழும்பினால் "காணாக்கடி" என்று சொல்லிவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று வெற்றிலையும் மிளகும் கொடுத்து, வேப்பிலையால் தடவிப் படுக்க வைக்கிறோம். பல நேரம் தடிப்பு தானாகவே இறங்கிவிடுவதால் வைத்தியம் பலித்தது என்று நினைக்கிறோம். கடித்தது பூச்சியல்ல, இலையில் இருந்த பண்டம் என்று யாரும் விசாரிப்பதில்லை. அடுத்த பண்டிகைக்கு அதே பண்டத்தை அதே ஆளுக்குப் பரிமாறுகிறோம்.

இதெல்லாம் வெளிநாட்டார் வியாதி, நம் சரீரத்துக்கு வராது என்று சொல்லுகிற சகோதரர்கள் உண்டு. பெங்களூரிலும் மைசூரிலும் பெரியவர்களிடையே நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. இரத்தப் பரிசோதனையில் ஏதாவது ஓர் உணவுக்கு எதிரான அடையாளம் 26.5 சதவீதம் பேரிடம் இருந்தது. ஆனால் சாப்பிட்டால் உண்மையிலேயே உபாதை வரக்கூடியவர்கள் என்று மதிப்பிடப்பட்டவர்கள் 1.2 சதவீதம்தான். குறைவுதான், பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்தக் கணக்கு இங்கேயும் பொருந்துமானால், ஆயிரம் பேருக்கு இலை போடுகிற விருந்தில் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்பதுதான் நமக்குத் தெரியவில்லை.

இனி நம் விருந்துப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். இதிலே சற்றுத் தாமதிக்க வேண்டும், தாய்மார்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பிரியாணி. அதிலே முந்திரி இருப்பது கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் வைக்கிற கத்தரிக்காயில் இருப்பது தெரியாது. வறுத்த வேர்க்கடலையும் எள்ளும் அரைத்து ஊற்றுகிறார்கள். கத்தரிக்காயே சிலருக்கு ஆகாது. பெரியவர்கள் அதைக் கரப்பான் பண்டம் என்று சொன்னபோது படித்த நாம் சிரித்தோம். மைசூர் ஆராய்ச்சியாளர்கள் கத்தரிக்காய் ஒவ்வாமையை ஆராய்ந்து 2008-இல் எழுதியிருக்கிறார்கள்; அது பெண்களிடத்தில் கூடுதலாகக் காணப்பட்டதாம். பெரியவர்கள் சொன்ன எல்லாம் சரி என்று நாங்கள் சொல்லவில்லை. "எனக்கு இது ஆகாது" என்று ஒருவர் சொல்லும்போது அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டாம் என்றுதான் சொல்லுகிறோம்.

இரண்டாவது, எண்ணெய். இப்போது செக்கு எண்ணெய்க்கு மரியாதை வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. செக்கில் ஆட்டியதில் அது தங்கியிருக்கிறது. வேர்க்கடலை ஆகாதவருக்கு இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம். நல்லெண்ணெயும் அப்படியே, எள் ஆகாதவருக்கு ஊறுகாயும் இட்லிப் பொடியும்கூடக் கேட்டுத்தான் தொட வேண்டும்.

மூன்றாவது, பெருங்காயம். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ கலப்பது வழக்கம். கோதுமை ஆகாத ஒரு பிள்ளைக்கு, "சாம்பாரிலே கோதுமை ஏது, தாராளமாகச் சாப்பிடட்டும்" என்று சொல்லிவிடுவோம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

பலகாரங்களுக்கு வருவோம். கேக்கில் முட்டை, வெண்ணெய், கோதுமை, முந்திரி. கல்கல்லில் மைதாவும் முட்டையும். அச்சுமுறுக்கு அரிசி மாவுதானே என்போம். அதிலும் முட்டை உண்டு. முகாமிலிருந்து வருகிற சகோதரிகள் அருமையான லவ் கேக் கொண்டுவருகிறார்கள். ரவையும் முட்டையும் முந்திரியும்தான் அதன் உயிரே. பாதாம் வைத்துச் செய்ய வேண்டிய மார்சிபானை நம் ஊரில் முந்திரி வைத்துச் செய்கிறோம். ஆகையால் "பாதாம் மட்டும்தான் ஆகாது" என்கிறவரும், "முந்திரி மட்டும்தான் ஆகாது" என்கிறவரும் அதன் பெயரை நம்பி ஏமாறலாம். முந்திரி ஆகாதவருக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஆகாது. இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள்.

இறாலைக் கடைசியில் வைத்தோம், காரணத்தோடுதான். பழவேற்காடு பக்கத்தில் இருக்கும்போது நம் பந்தியில் இறால் இல்லாமல் போகாது. இறால் ஆகாதவருக்குப் பெரும்பாலும் நண்டும் ஆகாது. மீன் வேறு, அது ஆகலாம். நெருப்பிலே போனதெல்லாம் சுத்தம் என்று ஓர் எண்ணம் நமக்கு உண்டு. கிருமிகளைப் பொறுத்தமட்டில் அது சரி. இறாலில் ஒவ்வாமை உண்டாக்குகிற முக்கியமான புரதமோ கொதித்தாலும் பொரித்தாலும் அழிவதில்லை. இறால் பொரித்த எண்ணெயில் அது இறங்கி நிற்கிறது. சென்னாக்கூனிப் பொடியை வாசனைக்காக ஒரு பிடி தூவினால் அந்தக் கறி முழுவதும் இறால் கறிதான்.

ஒரு பண்டிகை இரவில் ஒரு வாலிபனை மோட்டார் சைக்கிளில் நடுவிலே உட்காரவைத்து எங்களிடம் கொண்டுவந்தார்கள். வடக்கேயிருந்து வந்து ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். எந்தச் சபையின் விருந்து என்பது இங்கே வேண்டாம். இறால் வாளி வந்தபோது அவன் இலையின்மேல் இரண்டு கைகளையும் வைத்து மறைத்திருக்கிறான். பரிமாறினவர் புரிந்துகொண்டு நகர்ந்துவிட்டார். பிறகு வாழைக்காய் பஜ்ஜி வந்தது. வாழைக்காய்தானே என்று இரண்டு சாப்பிட்டான். இறால் பொரித்த அதே சட்டியில் போட்டு எடுத்த பஜ்ஜி. விடுதிக்குப் போனதும் உடம்பு தடித்தது. உடனிருந்தவர்கள் பூச்சிக்கடி என்று நினைத்து வேப்பிலை தேடினார்கள். பிறகு குரல் மாறியது, மூச்சு இழுத்தது. எங்களிடம் சேர்ந்தபோது நாடி கைக்குச் சரியாக அகப்படவில்லை. தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். சிறிது நேரம் பொறுத்து இன்னொன்று. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, ஊருக்குப் போன் செய்ய வேண்டாம், அம்மா பயந்துவிடுவாள் என்று சைகையிலே கேட்டுக்கொண்டான். அவன் செய்ய வேண்டியதையெல்லாம் சரியாகச் செய்திருந்தான். கையை வைத்து மறைத்தானே. எண்ணெயைப் பற்றி அவனுக்குச் சொல்லத்தான் அந்தப் பந்தியில் ஒருவரும் இல்லை.

அவனாவது கையை வைத்து மறைத்தான். நம்மவர்கள் அதையும் செய்யமாட்டார்கள். விருந்தோம்பலுக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு என்று பெருமைப்படுகிறவர்கள் நாம். நம்முடைய உபசரிப்பில் வற்புறுத்தல் பாதி. "ஒரு வாய் சாப்பிடுங்கள், ஒன்றும் செய்யாது", "எங்கள் கையால் செய்தது, வேண்டாம் என்று சொல்லக்கூடாது" என்று இலையின்மேல் சாய்ந்துகொண்டு போடுகிறோம். விருந்தாளியோ வீட்டுக்காரர் மனம் நோகுமே என்று வாயில் போட்டுக்கொள்கிறார். ஒவ்வாமை உள்ளவருக்கு இந்த அன்பு ஆபத்து. வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். ஆனால் இன்னொரு முறை போடாதீர்கள்.

இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வாமை உள்ளவருக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வேண்டும் என்று மேல்நாட்டுப் புத்தகங்களில் எழுதியிருக்கிறது. மேல்நாட்டில் அது எளிது. நம் நாட்டில் தனிப் பாத்திரம், தனிப் பந்தி என்ற வார்த்தைகளுக்கு ஒரு கெட்ட சரித்திரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனெரிகள் நம் சபைகளில் அன்பின் விருந்து வைத்து, எல்லாரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்று கேட்டதே சாதி வேற்றுமை பந்தியை விட்டுப் போக வேண்டும் என்பதற்காகத்தான். அப்படிச் சேர்ந்த பந்தியில் ஒருவரை மட்டும் எழுப்பி, "உனக்கு அங்கே தனியாக வைத்திருக்கிறோம்" என்று சொன்னால் அவர் மனதில் என்ன ஓடும்? அதனாலேயே பலர் தங்கள் ஒவ்வாமையைச் சொல்லுவதில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆகவே எங்கள் ஆலோசனை இது. ஆளைத் தனியாக்காதீர்கள், பண்டத்தைத் தனியாக்குங்கள். எல்லாருக்கும் ஆகிற சாப்பாட்டையே பொதுச் சாப்பாடாக வையுங்கள். சோறு, பருப்பு, ரசம், ஒரு கறி, ஒரு காய் இவற்றில் இறாலும் கடலையும் முந்திரியும் எள்ளும் விழாமல் சமைத்து, அதை எல்லா இலையிலும் போடுங்கள். இறால் வேண்டுமா, வேறு அடுப்பில், வேறு சட்டியில் செய்து, பந்திக்கு வெளியே ஒரு மேசையில் வையுங்கள். விரும்புகிறவர்கள் எழுந்து போய் வாங்கிக்கொள்ளட்டும். நடக்க வேண்டியவர் இறால் விரும்புகிறவர்; ஒவ்வாமை உள்ளவர் எல்லாரோடும் சமமாக உட்கார்ந்திருப்பார். பவுல் அப்போஸ்தலன் ரோமருக்கும் கொரிந்தியருக்கும் போஜனத்தைப் பற்றி எழுதினது மனச்சாட்சியைக் குறித்து. சரீரத்தைக் குறித்து அல்ல. ஆனாலும் பலமுள்ளவன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற அந்த முறை இங்கேயும் பொருந்தும் என்றே நினைக்கிறோம். வாழையிலை போடுகிற வழக்கத்தையும் விடாதீர்கள். அதில் முந்தின பந்தியின் மிச்சம் எதுவும் ஒட்டியிருக்காது. கரண்டிகளைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு வாளியின் கரண்டி இன்னொரு வாளிக்குள் போகக்கூடாது என்று பரிமாறுகிற வாலிபர்களுக்கு ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லுங்கள்.

இத்தனை வேலை யார் செய்வது என்று கேட்பீர்கள். நாம் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். கல்யாண வீட்டில் "சைவமா, அசைவமா" என்று கேட்காமல் யாராவது இலை போடுகிறோமா? சைவ விருந்தாளிக்காக வேறு அடுப்பு, வேறு எண்ணெய், வேறு கரண்டி என்று எவ்வளவு பக்தியாக ஏற்பாடு செய்கிறோம்! அந்தக் கேள்வியோடு இன்னொரு கேள்வி சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்: "உங்களுக்கு ஏதாவது சாப்பாடு ஆகாதா?" இதை ஞாயிறு அறிவிப்பிலேயே சொல்லலாம். சபைச் செயலாளரிடம் ரகசியமாகச் சொன்னால் போதும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாஷை தெரியாத பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது? பந்தலின் வாசலில் ஒரு மேசையில் சிறு தட்டுகள் வையுங்கள். ஒன்றில் ஒரு சமைக்காத இறால், ஒன்றில் முட்டை, ஒன்றில் வேர்க்கடலை, முந்திரி, எள், கொஞ்சம் கோதுமை, ஒரு டம்ளர் பால், ஒரு கத்தரிக்காய். கடுகும் வையுங்கள், கிழக்கேயிருந்து வருகிற பிள்ளைகளின் சமையலில் அதுதான் பிரதானம். இறாலையும் கடலையையும் மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் வைப்பது நல்லது. எலர்ஜி என்ற வார்த்தை இந்தியிலும் உண்டு. "எலர்ஜி?" என்று கேட்டு மேசையைக் காட்டினால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரலை நீட்டிக் காட்டிவிடுவார்.

சமையல்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே மசாலாவில் சேர்க்கிறதையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். "அது தொழில் ரகசியம் ஐயா" என்பார். அளவு ரகசியமாக இருக்கட்டும். பொருள் ரகசியமாக இருக்க முடியாது. டப்பாவிலும் பாக்கெட்டிலும் வருகிறதற்குச் சட்டமே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி கோதுமை முதலான குளூட்டன் தானியங்கள், இறால் வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் பருப்புக்கொட்டை வகைகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்பைட் இவை இருந்தால் உறையில் அறிவிக்க வேண்டும். எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இல்லை என்பதை மறக்க வேண்டாம். எள் சாதாரணமானது அல்ல. 2016 ஜூலையில் இங்கிலாந்தைச் சேர்ந்த 15 வயதுப் பெண் நடாஷா எட்னன்-லப்பரூஸ், லண்டன் விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியைச் சாப்பிட்டு இறந்துபோனாள். மாவுக்குள்ளேயே எள் சேர்த்துச் சுட்டிருந்தார்கள். உறையில் அது எழுதப்படவில்லை. உறையை வாசித்துப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார்கள். தகப்பனார் இரண்டு முறை அட்ரினலின் ஊசி போட்டும் காப்பாற்ற முடியவில்லை. பெற்றோரின் முயற்சியால் அவள் பெயராலேயே ஒரு சட்டம் வந்து, 2021 அக்டோபரில் அமலாயிற்று. கடையிலேயே செய்து கட்டி விற்கிற பண்டத்துக்கும் அங்கே இப்போது முழு விவரம் எழுத வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது நடந்தால் என்ன செய்வது? சாப்பிட்டவருக்குத் தடிப்போடு மூச்சுத் திணறலோ, குரல் கம்மலோ, மயக்கமோ, விடாத வாந்தியோ வந்தால் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு மிகவும் திணறினால் காலை நீட்டி உட்காரட்டும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். எழுப்பி நடக்க வைக்காதீர்கள். அதனாலேயே மோசமானவர்கள் உண்டு. வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். அவில் மாத்திரை, செட்ரிசின் மாத்திரை அரிப்பைக் குறைக்கும்; அடைக்கிற தொண்டையைத் திறக்காது. திறப்பது அட்ரினலின் ஊசிதான். தானாகப் போட்டுக்கொள்ளுகிற பேனா போன்ற ஊசி நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதாக அகப்படாது. அதைக் கையில் வைத்திருக்கிற விருந்தாளி யாராவது இருந்தால், தொடையின் வெளிப்பக்கத்தில் உடையின் மேலாகவே போடலாம். மற்றவர்களை அருகிலுள்ள மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நம்மிடமே வர வேண்டும் என்றில்லை. கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனையோ, திருவள்ளூரில் 2022-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எது கிட்டவோ அது. போனவுடன், "சாப்பிட்ட பிறகு வந்தது" என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள். தேறிவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அழைத்துவராதீர்கள். சில மணி நேரம் கழித்துத் திரும்ப வருவதுண்டு; மருத்துவர் வைத்துப் பார்க்கச் சொன்னால் இருந்து வாருங்கள்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒன்று. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பொட்டலத்தில் கேக்கும் மிட்டாயும் கலந்து கட்டுகிறீர்கள். பிள்ளை அதை வீட்டுக்குப் போகும் வழியிலேயே தின்றுவிடும், தாய் பார்ப்பதில்லை. வகுப்புப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒவ்வாமையையும் எழுதிக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போடுகிறவர் பையிலிருந்து எதை எடுத்து வீசுவார் என்று அவரிடமும் கேட்டுவிடுங்கள்.

பின்வரிசையில் ஒரு தாயார் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்து வீடுகளுக்குத் தட்டில் அனுப்புகிற பலகாரத்துக்கு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நம் வீட்டுக்கு வந்த தட்டுகளைத்தான் நாம் நிறைத்துத் திருப்பி அனுப்புகிறோம். துணியால் மூடுமுன் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். கேக்: முட்டை, கோதுமை, வெண்ணெய், முந்திரி. கல்கல்: மைதா, முட்டை, கடலை எண்ணெய். இவ்வளவு எழுதினால் போதும். கொண்டுபோகிற பிள்ளையிடம் அதை வாயாலும் சொல்லச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி போடாத பாட்டிமார் கதவைத் திறப்பார்கள்.